அக்காட்ட கேளுங்கோ: அப்பப்பாட ஆமிப் பெட்டியில இருந்து பிள்ளைக்கு எதை எடுத்துக் குடுக்கிறது?

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க வெள்ளவத்தையில ஃப்ளாட்ல இருக்கிறம், மகனுக்கு பத்து வயசு. என்ட அவற்ற அப்பப்பா ரெண்டாம் உலக யுத்தம் நடக்கேக்க சிலோன் லைட் இன்ஃபன்ட்ரியில இருந்தவராம். போன மாசம் மாமி வீட்டு அலுமாரிக்கு மேல இருந்து அவற்ற தகரப் பெட்டியை இறக்கினதில இருந்து இவருக்கு ஒரே ஆமிக் கதைதான். மகனை விடிய 5 மணிக்கு விசிலடிச்சு எழுப்புறார், கட்டில் விரிப்பில சுருக்கு இருந்தா பால்கனியில அரை மணித்தியாலம் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கவேணும். நல்ல பழக்கம் வரட்டும் எண்டுதான் செய்யிறார், கெட்ட மனுசன் இல்ல. ஆனா பிள்ளை இப்ப அவரோட கதைக்கிறதே குறைவு. மாமி என்னெண்டா ‘எங்கட சனத்துக்கு ஆமிக் கதை வேணாம், அந்தப் பெட்டியைக் குப்பையில போடு’ எண்டு அழுறா. நான் நடுவில நிக்கிறன். அதுக்குள்ள பிள்ளைக்குக் குடுக்கக்கூடிய நல்லது எதும் இருக்கா?

பதில்: இருக்கு தங்கச்சி, நிறைய இருக்கு. ஆனா உங்கட அவர் எடுத்தது பெட்டியில மேலால கிடந்த விசிலை மட்டும்தான்.

எங்கட அப்பாவும் ஆமியில இருந்தவர். 1951ல சேர்ந்து தியத்தலாவையில ட்ரெயினிங் எடுத்து பத்து வருசம் இருந்திட்டு விலகி வந்தவர். அந்தக் காலத்தில தமிழ் ஆக்கள் ஆமியில இருக்கிறது ஒரு புதினமில்ல, 1949ல சிலோன் ஆமி தொடங்கினது, 1955ல அதுக்கு முதலாவது இலங்கைத் தளபதியா வந்ததே அன்ரன் முத்துக்குமாரு எண்ட தமிழர்தான், 1959 முடியுமட்டும் அவர் இருந்தவர். இதை மாமிக்கும் சொல்லுங்கோ, பெட்டிக்குரிய மனுசன் வெக்கப்படுறதுக்கு ஒண்டும் செய்யேல்ல.

அப்பா வீட்டுக்குக் கொண்டு வந்த சாமானில எனக்கு மறக்கேலாதது ஒரு சின்னத் துணிச்சுருள். ஹசிஃப் எண்டு சொல்லுவார், ஹவுஸ்வைஃப் எண்டதைத்தான் வெள்ளைக்கார ஆமிக்காரர் அப்பிடிச் சுருக்கிச் சொல்லுறவையாம். விரிச்சா உள்ளுக்க ஊசி ரெண்டு மூண்டு, காக்கி நூல், கொஞ்சம் பட்டன், ஒரு விரலுறை. ஆம்பிளையள் ஊசியைத் தொடாத வீடுகள் எங்கட, ஆனா அப்பா தன்ர சேட்டுக்கு பட்டன் தானே தைப்பார், நூலை நாக்கில நனைச்சு ஒரே தரத்தில கோப்பார், தைச்சு முடிச்சு பட்டனுக்குக் கீழ நூலை மூண்டு சுத்துச் சுத்தித்தான் முடிச்சுப் போடுவார். அண்ணாமார் ரெண்டு பேருக்கும் எட்டு ஒம்பது வயசிலயே அதைப் பழக்கிப்போட்டார். தன்ர சாமானை தான் பாக்கிறவன் மற்றவைக்குப் பாரமில்ல எண்டுறதுதான் அவற்ற கணக்கு. அண்ணாமார் கலியாணம் கட்டின பிறகு அண்ணிமார் இதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுவினம்.

அடுத்தது சாப்பாடு. 1973, 74ல பாணுக்கு விடியச்சாமம் கியூவில நிண்ட காலம், எங்களைப்போல வயசானவைக்கு ஞாபகம் இருக்கும். அப்பா எல்லாருக்கும் கோப்பையில விழுந்தாப் பிறகுதான் தன்ர கோப்பையை எடுப்பார், அம்மா எவ்வளவு சொன்னாலும் கேக்கமாட்டார். சோல்ஜர்மார் சாப்பிட்டு முடிய முந்தி ஒபிசர் சாப்பிடக்கூடாது எண்டது அங்க படிச்ச பழக்கம், அவர் ஒபிசரா இருக்கவுமில்ல, ஆனா வீட்டில தான்தான் பொறுப்பு எண்டு அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டார்.

83 ஜூலைக் கலவரத்தில நாங்க பம்பலப்பிட்டியில ஒரு அகதி முகாமில இருந்தனாங்க. ஒரு பைப், எக்கச்சக்கமான சனம், எல்லாரும் வாளியோட தள்ளுப்படுகினம். அப்பா எங்கயோ இருந்து ஒரு சோக்குக்கட்டி எடுத்துக்கொண்டு வந்து நிலத்தில ரெண்டு கோடு கீறினார், பிள்ளைத்தாச்சியளும் பால்போத்தலோட வந்தவையும் ஒரு கோட்டில, மிச்ச ஆக்கள் மற்றதில. ஒருத்தரையும் பேசவுமில்ல கத்தவுமில்ல. எங்கட வாளியைக் கடைசியாத்தான் நிரப்பினவர், நான் அண்டைக்கு அவரோட கோவிச்சுக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கதைக்கேல்ல. இப்ப நினைச்சா நெஞ்சு அடைக்குது.

இப்ப உங்கட அவருக்கு. ஆமிக்குப் போறது வளந்த ஆள் தானா விரும்பிக் கையெழுத்து வச்சுத்தான், இலங்கை ஆமியில கட்டாய ஆள்சேர்ப்பு ஒருநாளும் இருந்ததில்ல. பத்து வயசுப் பிள்ளை எங்கயும் கையெழுத்து வைக்கேல்ல. கையைத் தூக்கி நிக்கிற பிள்ளை விரிப்பு விரிக்கப் பழகிறதை விட அப்பாட காலடிச் சத்தத்துக்கு ஒளிக்கத்தான் கெதியாப் பழகும். ஆறு வயசில இருந்து பன்னெண்டு வயசு மட்டும் பிள்ளையளுக்கு 9 மணித்தியாலத்துக்குக் குறையாம நித்திரை வேணும் எண்டு டொக்டர்மார் சொல்லுகினம். 5 மணிக்கு எழும்பவேணுமெண்டா 8 மணிக்குப் படுக்கவேணும், டியூசன் முடிஞ்சு காலி ரோட்டு ட்ரஃபிக்கில வீட்டுக்கு வாற நேரத்தை யோசிச்சுப் பாருங்கோ.

சொன்ன உடன செய்யவேணும் எண்டதையும் அப்பிடியே வீட்டுக்குள்ள கொண்டு வரேலாது. ஆமிச் சட்டத்திலயே சட்டப்படியான கட்டளைக்குத்தான் கீழ்ப்படியச் சொல்லியிருக்கு, எதைச் சொன்னாலும் செய் எண்டு இல்ல. பெரியாக்கள் ஆரும் பிழையானதைச் சொன்னா மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு ஓடிவந்து உங்களிட்ட சொல்லுற பிள்ளையாத்தான் அவன் வளரவேணும், அது எனக்கு விரிப்புச் சுருக்கை விடப் பெரிய விசயம்.

அதால விசிலை வச்சிட்டு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரெண்டு பேரும் நிலத்தில பேப்பரை விரிச்சு சப்பாத்துப் போலிஷ் பண்ணச் சொல்லுங்கோ, அவர் தன்ர ஒஃபிஸ் சப்பாத்து, பிள்ளை தன்ர ஸ்கூல் சப்பாத்து. துணியை விரலில இறுக்கிச் சுத்தி, துளி தண்ணி தொட்டு, சின்னச் சின்ன வட்டமாத் தேய்க்கவேணும், அவசரப்பட்டா மினுக்கம் வராது. கை வேலை செய்யேக்க வாய் தானாத் திறக்கும், அவன் கதைப்பான். பிழை விட்டிட்டு ‘நான்தான் செய்தனான்’ எண்டு வந்து சொன்னா அண்டைக்கு அடி, தண்டனை ஒண்டும் வேணாம், ரெண்டு பேரும் சேர்ந்து அதைச் சரிப்பண்ணுங்கோ. இல்லாட்டி அடுத்த தரம் பொய்தான் வரும்.

மாமி அழுறது சும்மா இல்ல. ஐடென்டிக்காட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் கையில வச்சுக்கொண்டு செக்பொயின்ட்ல பஸ்ஸால இறங்கி நிண்ட வருசங்கள் எங்கட எல்லாற்ற உடம்பிலயும் இருக்கு. அவவைப் பேசாதேங்கோ, பிள்ளையிட்ட மறைக்கவும் வேணாம். உன்ர பூட்டன் நல்ல சோல்ஜர், பிறகு வந்த யுத்தத்தில சீருடை போட்ட ஆக்களால எங்கட சனம் சரியாக் கஷ்டப்பட்டது, ரெண்டும் உண்மை எண்டு அவன்ர வயசுக்கு ஏத்த மாதிரிச் சொல்லுங்கோ. பிள்ளையளுக்கு ரெண்டையும் விளங்கும்.

கேள்வி: எனக்கு 14 வயசு, கொட்டாஞ்சேனை. ஸ்கூல் கெடட்ல சேர ஆசை, அம்மா படிப்புக் கெட்டுப்போகும் எண்டு விடுறா இல்ல. சேரலாமா அக்கா?

பதில்: சேரலாம் தம்பி, அம்மா சம்மதிச்சா. எங்கட நாட்டில ஸ்கூல் கெடட் 1881லயே ரோயல் கொலிஜ்ல தொடங்கினது, கெடட்ல இருந்திட்டு ஒருநாளும் ஆமிப் பக்கம் போகாத டொக்டர்மார் எஞ்சினியர்மார் எத்தினை பேர். ஒரு தவணைக்கு மட்டும் எண்டு அம்மாவோட பேசு, மார்க்ஸ் இறங்கினா நானே விடுறன் எண்டு சொல்லு, சொன்ன சொல்லைக் காப்பாத்து.

கேள்வி: (முதல் கேள்வி கேட்ட வெள்ளவத்தைத் தங்கச்சியே) பெட்டியில ஒரு மெடல் கிடந்தது, கறுத்துப்போயிருக்கு. ஒரு பக்கம் ராஜாட தலை, மற்றப்பக்கம் சிங்கம். பிராசோ போட்டு மினுக்கலாமா?

பதில்: ஐயோ வேணாம். பிராசோ போட்டுத் தேய்க்கத் தேய்க்க ராஜாட முகமே தேஞ்சுபோகும். மெல்லிய பருத்தித் துணியால தூசியை மட்டும் துடையுங்கோ, ரிபனைத் தோய்க்கவே கூடாது, சாயம் போயிடும். சிங்கம் ஒண்டா ரெண்டா எண்டு பாருங்கோ. ஒரு சிங்கம் ரெண்டு தலை உள்ள ட்ராகனுக்கு மேல நிண்டா அது 1939–45 வோர் மெடல். ரெண்டு சிங்கம், நடுவில மரத்துக்கு மேல கிரீடம் எண்டா டிஃபென்ஸ் மெடல். ஈரம் படாத இடத்தில வையுங்கோ, கடல் பக்கத்து ஃப்ளாட் எண்டபடியா பால்கனிப் பக்க அலுமாரி வேணாம். அப்பப்பாவைப் பற்றி மாமிக்கு என்னென்ன ஞாபகம் இருக்கோ அதை மகனைக் கேட்டு எழுதச் சொல்லி அந்தத் தாளையும் மெடலோட வையுங்கோ. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான்காரன் கொழும்பில குண்டு போட்ட அண்டைக்கு அவர் எங்க நிண்டவர் எண்டு முதல்ல கேக்கச் சொல்லுங்கோ.