ஹால்ஷ்டாட் பார்க்க வேண்டுமென்றால் ஓபர்ட்ரவுனில் தங்குங்கள்

வியன்னாவுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, ஆகஸ்டில் மதுரையிலிருந்து மாமனார் மாமியார் வருகிறார்கள், ஏழு வயதில் பெண், மூன்று வயதில் பையன், எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் ஆஸ்திரியாவின் ஏரிக்கரை ஊரான ஹால்ஷ்டாட் போய்த் திரும்ப முடியுமா அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். மாமாவுக்கு முழங்கால் வலி, அத்தை முட்டைகூடத் தொடாத சைவம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். முடியும் தங்கச்சி, ஆனால் செய்யாதீர்கள். குறைந்தது மூன்று ராத்திரி, முடிந்தால் நான்கு, அதுவும் ஹால்ஷ்டாட்டில் இல்லாமல் ஏரியின் தெற்கு முனையில் இருக்கும் ஓபர்ட்ரவுனில் தங்குங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். வியன்னாவிலிருந்து ரயிலில் போகச் சுமார் மூன்றரை மணி நேரம், வர மூன்றரை. அட்நாங் புக்ஹைமில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். ஹால்ஷ்டாட் ஸ்டேஷன் ஊருக்கு எதிர்க்கரையில் இருக்கிறது, இறங்கினால் படகில் ஏறி ஏரியைக் கடந்துதான் ஊருக்குள் போக முடியும். இவ்வளவும் செய்து நீங்கள் போய்ச் சேரும் பதினொரு மணிதான் சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் வந்து ஆட்களை இறக்கிவிடும் நேரம். எண்ணூறு பேர்கூட வசிக்காத ஊர் அது, மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரே தெரு, அதில் தள்ளுவண்டியோடும் முழங்கால் வலியோடும் நடப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

நாங்கள் லின்ஸ் நகரில் 16 வருடமாக இருக்கிறோம். என் அம்மா முதல் தடவை வந்தபோது இதே தப்பைத்தான் செய்தோம். பையனுக்கு அப்போது இரண்டு வயது, தோளிலேயே தூங்கிவிட்டான், அம்மா உட்கார ஒரு இடம் தேடித் தேடிக் களைத்துப் போனார், கடைசியில் எல்லோரும் எடுக்கும் அந்த ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு படகுக்கு ஓடினோம். வழியெல்லாம் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து அவர் மறுபடி வந்தபோது ஓபர்ட்ரவுனில் நான்கு ராத்திரி தங்கினோம். அந்தப் பயணத்தைப் பற்றி இன்றைக்கும் போனில் பேசுவார்.

ஓபர்ட்ரவுனில் ரயில் ஊருக்குள்ளேயே நிற்கும், படகு தேவையில்லை. நிலம் சமதளம், மாமா நிதானமாக நடக்கலாம். ஏரிக்கரையில் பெரிய புல்வெளியும் குழந்தைகள் விளையாட இடமும் உண்டு. ஆனால் தண்ணீர் மலையிலிருந்து வருவது, ஆகஸ்டிலும் சில்லென்றுதான் இருக்கும், கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினால் சட்டென்று ஆழமாகும் (இந்த ஏரியின் அதிக ஆழம் 125 மீட்டர்), அதனால் பையனுக்குக் கைப்பட்டை மிதவை கட்டாயம், ஒரு பெரியவர் கண்ணெடுக்காமல் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஹால்ஷ்டாட்டுக்கு அங்கிருந்து பேருந்தில் பத்து நிமிடம். காலை எட்டு மணிக்கு ஒரு தடவை போங்கள், மாலையில் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு இன்னொரு தடவை போங்கள். திரும்பிவரக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள், சாயங்காலத்தில் அதிகம் வண்டி இருக்காது.

உப்புச் சுரங்கத்தைப் பெண்ணுக்குக் கண்டிப்பாகக் காட்டுங்கள். 7,000 வருடமாக உப்பு எடுக்கும் மலை அது. கி.மு. 1344இல் வெட்டிய மரத்தில் செய்த படிக்கட்டு உப்புக்குள் கெடாமல் கிடைத்திருக்கிறது, ஐரோப்பாவின் தொடக்க இரும்புக் காலத்துக்கே இந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவளுக்கு இதையெல்லாம்விட 64 மீட்டர் நீள மரச்சறுக்குதான் பிடிக்கும். உள்ளே எட்டு டிகிரிதான், ஸ்வெட்டர் வேண்டும். நான்கு வயது ஆகாத குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள், ஆகவே பையனோடு ஒருவர் வெளியே இருக்க வேண்டும். மேலே ஏற்றிச் செல்லும் மலை ரயில் அந்த நாட்களில் ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்ச் பக்கத்து எலும்பு வீட்டில் சுமார் 1,200 மண்டை ஓடுகள் உண்டு. கல்லறைக்கு இடம் போதாமல், பழைய குழிகளைத் திறந்து எலும்பை எடுத்து, மண்டை ஓட்டில் பூவும் பெயரும் வரைந்து அடுக்கி வைத்தார்கள். எனக்கு அது அன்பான காரியமாகவே தோன்றியது, ஆனால் அத்தைக்கு எப்படியிருக்கும் என்று கேட்டுவிட்டுக் கூட்டிப் போங்கள், அங்கே போக நிறையப் படியும் ஏற வேண்டும்.

ஓபர்ட்ரவுனிலிருந்து கிரிப்பன்ஷ்டைன் மலைக்குக் கேபிள் காரில் இரண்டு கட்டமாகச் சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்குப் போகலாம். ஐந்து விரல் மாதிரி பள்ளத்துக்கு மேலே நீட்டியிருக்கும் மேடை, கேபிள் காரின் மேல் ஸ்டேஷனிலிருந்து அரை மணி நடை. மாமாவால் முடியவில்லையென்றால் ஸ்டேஷன் பக்கத்திலேயே உட்கார்ந்து பனிமலையைப் பார்க்கலாம், அதற்கே போன காசு தகும். நடுக்கட்டத்தில் உள்ள பனிக்குகையை விட்டுவிடுங்கள், ஏற்றமும் நூற்றுக்கணக்கான படிகளும் அவருக்கு ஆகாது. காலையிலேயே ஏறிவிடுங்கள், கோடையில் மதியத்துக்கு மேல் இடி மழை அடிக்கடி வரும். இந்த ஏரிகளும் மலைகளும் உள்ள சால்ஸ்காமர்கூட் பக்கம் மழை பிடித்தால் நாள் முழுக்க நூல் நூலாகப் பெய்யும், அதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கி வையுங்கள், ரயிலில் பாட் இஷ்ல் போய்ப் பேரரசர் ஃப்ரான்ஸ் யோசஃபின் கோடை மாளிகையைப் பார்க்கலாம்.

சாப்பாடுதான் நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம். அம்மாவுக்கு ஒரு உணவகத்தில் காஸ்பிரெஸ்க்னோடல் சூப் வாங்கித் தந்தேன், பாலாடைக்கட்டி உருண்டை, சைவம்தானே என்று. இரண்டு கரண்டி குடித்த பிறகுதான் அது மாட்டெலும்புச் சாறு என்று தெரிந்தது. அவர் கரண்டியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் அன்றைக்கு அழுதேன். இங்கே சூப் என்றாலே பெரும்பாலும் அந்தச் சாறுதான். "மிட் ரிண்ட்ஸுப்பே?" (மாட்டுச் சாறு சேர்த்ததா?) என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள், "ஓனே ஃப்ளைஷ், ஓனே ஷ்பெக்" (இறைச்சி வேண்டாம், பன்றிக்கொழுப்பும் வேண்டாம்) என்று சொல்லுங்கள். லேபர்கேஸ் என்ற பெயரில் கேஸ், அதாவது பாலாடைக்கட்டி, இருந்தாலும் அது முழுக்க இறைச்சி. சைவம் என்று எல்லோரும் சொல்லும் கேஸஷ்பெட்ஸ்லே (பாலாடைக்கட்டி போட்ட மாவுத் துண்டுகள்), கைசர்ஷ்மார்ன் (பிய்த்துப் போட்ட இனிப்பு அப்பம்) இரண்டிலும் முட்டை உண்டு, அத்தைக்கு ஆகாது. அதனால் ஹோட்டல் அறை வேண்டாம், சமையலறை உள்ள விடுமுறை வீடு, ஃபெரியன்வோனுங், எடுங்கள். அரிசி, பருப்பு, புளி, சின்னக் குக்கர் எல்லாம் வியன்னாவிலிருந்தே கொண்டு போங்கள். ஞாயிறு கடை கிடையாது, ஆகஸ்ட் 15 மாதா திருநாள், அன்றும் கிடையாது, பாலும் தயிரும் முன்தினமே வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம்.

வாடகை பேசும்போது கடைசித் துப்புரவுக் கட்டணமும், பெரியவர்களுக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று வாங்கும் ஊர் வரியும் சேர்த்தா, தனியா என்று கேளுங்கள். சின்ன வீட்டுக்காரர்கள் சிலர் ரொக்கம்தான் வாங்குவார்கள். ரயிலில் ஆறு வயதுக்குள் இலவசம், பெண்ணுக்கு அரைக் கட்டணம். குடும்பத்துக்கான ஃபோர்டைல்ஸ்கார்ட் என்ற ரயில் சலுகை அட்டை எடுத்தால் உங்களோடு வரும் அவளுக்கும் கட்டணமில்லை, உங்களுக்குப் பாதி. மாமா அத்தைக்கு ஷ்பார்ஷீனே மலிவு டிக்கெட்டை இப்போதே எடுங்கள்.

அப்புறம், அவர்களுடைய விசா காப்பீட்டில் மலை மீட்பும் ஹெலிகாப்டரும் அடங்குமா என்று ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், அடங்காவிட்டால் ஆயிரக்கணக்கில் யூரோ கட்ட வேண்டிவரும். மலை மீட்புக்கு 140, பொதுவாக 112. இருவரின் மாத்திரைச் சீட்டும் பாஸ்போர்ட்டும் கையிலேயே இருக்கட்டும்.

ஆகஸ்டுக்கு ஓபர்ட்ரவுனில் வீடு கிடைக்காவிட்டால் அதே ரயில் பாதையில் இருக்கும் பாட் கோய்சர்னில் தேடுங்கள். தேதி முடிவானதும் எழுதுங்கள், நாங்கள் அந்த வாரம் ஊரில் இருந்தால் அத்தைக்கு ஒரு வேளைச் சோறு கட்டிக்கொண்டு வருகிறேன்.