கல்லூரிக் காலத்துக் கஞ்சாவைப் பாதுகாப்பு அனுமதிப் படிவத்தில் எழுத வேண்டுமா?

கேள்வி: நான் அமெரிக்கக் குடிமகன். வர்ஜீனியாவில், ராணுவ ஒப்பந்தப் பணிகளைச் செய்யும் நிறுவனம் ஒன்றில் மென்பொருள் பொறியாளர் வேலை கிடைத்திருக்கிறது. அதற்கு, அரசின் ரகசியத் தகவல்களைக் கையாள்வதற்கான பாதுகாப்பு அனுமதி பெற வேண்டும். கலிஃபோர்னியாவில் படித்தபோது சில முறை கஞ்சா புகைத்தேன். தேர்வு நேரத்தில் அறை நண்பரின் அடரால் மாத்திரையையும் (கவனக்குறைபாட்டுக்கு மருத்துவர் எழுதித் தருவது) எடுத்துக்கொண்டேன். நான்கு ஆண்டுகளாக எதையும் தொடவில்லை. “யாருக்கும் தெரியாததை நீயே ஏன் எழுதிக் கொடுக்கிறாய்?” என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டையும் எழுதிவிடுங்கள். பாதுகாப்பு அனுமதிக்காக நீங்கள் நிரப்பப்போகும் எஸ்எஃப்-86 படிவத்தின் 23-ஆம் பிரிவு, கடந்த ஏழு ஆண்டுகளில் போதைப்பொருள் பயன்படுத்தினீர்களா என்று கேட்கிறது. மருத்துவர் எழுதித் தரும் மருந்தை முறைகேடாக உட்கொண்டதையும் தனியாகக் கேட்கிறது. நண்பரின் மாத்திரை இந்த இரண்டாவது கேள்விக்குள் வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கலிஃபோர்னியா 2016-இல் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை என்பதால், மாநிலச் சட்டத்தைக் காட்டி ‘இல்லை’ என்று பதிலளிக்க முடியாது.

அனுமதி தரலாமா என்று முடிவுசெய்ய 2017 முதல் நடைமுறையில் உள்ள மதிப்பீட்டு வழிகாட்டுதல்கள், எவ்வளவு காலத்துக்கு முன்பு, எத்தனை முறை, எந்தச் சூழலில் பயன்படுத்தினீர்கள், மீண்டும் நிகழ வாய்ப்புண்டா என்பவற்றைச் சேர்த்தே எடைபோடச் சொல்கின்றன. கடந்தகாலக் கஞ்சாப் பயன்பாடு கருத்தில் கொள்ளப்படும், ஆனால் அது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்று தேசியப் புலனாய்வு இயக்குநராக இருந்த அவ்ரில் ஹெயின்ஸ் 2021 டிசம்பரில் தெளிவுபடுத்தினார். நான்கு ஆண்டு விலகல் உங்களுக்குச் சாதகமானது. இனித் தொடமாட்டேன், தொட்டால் அனுமதியை ரத்து செய்யலாம் என்று கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழியும் ஏற்கப்படுகிறது.

மறைத்தால் நிலைமை வேறு. விஷயம் அந்த வழிகாட்டுதல்களின் போதைப்பொருள் பிரிவிலிருந்து நன்னடத்தைப் பிரிவுக்கு மாறிவிடும். அங்கே கேள்வி உங்கள் பழைய பழக்கத்தைப் பற்றியதல்ல, இன்றைய நம்பகத்தன்மையைப் பற்றியது. தெரிந்தே பொய் சொல்வது ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய கூட்டாட்சிக் குற்றமும்கூட. யாருக்கும் தெரியாது என்பதையும் நம்பாதீர்கள்: விசாரணை அதிகாரிகள் பழைய நண்பர்களையும் அண்டை வீட்டாரையும் நேரில் சந்தித்துப் பேசக்கூடும். வீட்டாரின் பயம் வழக்கு பற்றியதானால் இதைச் சொல்லுங்கள்: 23-ஆம் பிரிவில் தரும் உண்மையான பதிலைப் பின்னர் குற்றவழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்துவதில்லை என்று அந்தப் பிரிவிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

முதல் முறை, கடைசி முறை ஆகியவற்றின் மாதம், ஆண்டு, ஏறத்தாழ எத்தனை தடவை என்பதை நினைவுக்கு எட்டியவரை நேர்மையாகக் குறியுங்கள். பத்துத் தடவையை ‘ஓரிரு முறை’ என்று சுருக்காதீர்கள். ஒருவேளை ‘இல்லை’ என்று ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால், அதிகாரி ஆதாரத்தை முன்வைத்துக் கேட்கும்வரை காத்திராமல், உடனே நீங்களாகவே திருத்துங்கள். தாமாக முன்வந்து விரைவில் திருத்துவதை வழிகாட்டுதல்கள் தணிக்கும் காரணமாக ஏற்கின்றன. பிடிபட்டபின் ஒப்புக்கொள்வதற்கு அந்த மதிப்பு கிடையாது.

இனி எச்சரிக்கை தேவை. தற்போது சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துபவருக்கு அனுமதி வழங்கவே கூட்டாட்சிச் சட்டம் தடைவிதிக்கிறது; அனுமதி பெற்றபின் ஒருமுறை புகைப்பதும் கல்லூரிக் காலப் பழக்கத்தைவிடப் பன்மடங்கு கடுமையாகப் பார்க்கப்படும். கடைகளில் விற்கும், கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி சேர்த்த மிட்டாய்களும் பரிசோதனையில் கஞ்சாவாகத் தெரியக்கூடும் என்பதால் அவற்றையும் தவிர்த்துவிடுங்கள். பிறருக்கு விற்றதோ கைதானதோ இருந்தால், படிவத்தை அனுப்பும் முன் இத்துறையில் பழகிய வழக்கறிஞரைப் பாருங்கள்.