குழி விழுந்த மெத்தை

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. நாடாக் கட்டிலில், என் தம்பி படுத்திருந்த பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டுத் தனியே படுக்க வைக்கிறோம். குழிக்குள் கிடப்பதுபோல் இருக்கிறது, முதுகெல்லாம் வேர்க்கிறது என்று பாதி இரவில் எழுந்து எங்கள் பாய்க்கு வந்துவிடுகிறாள். போர்வைகளை மடித்துப் போட்டும் பயனில்லை. சின்ன வயதில் படுக்கையை நனைப்பாள் என்று விரித்த ரப்பர் ஷீட் இன்னும் இருக்கிறது. புதிய ஃபோம் மெத்தை வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். வாங்கலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். முதலில் அவளுடைய படுக்கையில் நீங்கள் ஓர் இரவு படுத்துப் பாருங்கள். போடிநாயக்கனூரில் முப்பது வருடமாக மெத்தை தைக்கிறேன். மெத்தையைக் குறை சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கட்டிலைப் பார்த்தீர்களா?" என்றுதான்.

நாடா நாளாக நாளாக நெகிழும். மெத்தையை எடுத்துவிட்டு மகளை வெறும் கட்டிலில் படுக்கச் சொல்லி, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். இடுப்புப் பக்கம் தொட்டில்போல் தொங்கினால், கால்மாட்டில் முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொரு வரிசையாக இழுத்துக் கட்ட வேண்டும். இருவர் சேர்ந்தால் ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் எந்த மெத்தையைப் போட்டாலும் குழி விழும்.

ரப்பர் ஷீட்டை இன்றே எடுத்துவிடுங்கள். அது வியர்வையையும் உள்ளே விடாது, காற்றையும் விடாது. அந்த இடத்தில் பழைய நூல் புடவை ஒன்றை எட்டாக மடித்து, ஓரம் சுற்றி ஓட்டுத்தையல் போட்டு விரியுங்கள். அலசிக் காயப்போடவும் எளிது.

இனி மெத்தை. ஓரத்தில் ஒரு சாண் தையலைப் பிரித்து, ஒரு பிடி பஞ்சை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிவிட்டுக் கையைத் திறங்கள். பஞ்சு மெல்ல விரிந்து எழுந்தால் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. இலவம்பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே வெற்றுக் குழாய். அந்தக் காற்றுதான் மெத்தையின் மென்மை. இழை நசுங்கி நொறுங்கிவிட்டால் பஞ்சு எழாது, கையில் தூசுதான் ஒட்டும். அப்படியிருந்தால் அந்தப் பஞ்சை ஒரு பிடிகூட மிச்சம் வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஊருக்கெல்லாம் நல்ல பஞ்சு நிரப்பிக் கொடுத்த நான், என் மூத்த மகளுக்கு மட்டும் கழித்துப் போட்ட பஞ்சில் மெத்தை தைத்தேன். இரவெல்லாம் இருமுவாள். சளி என்று கஷாயம் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மெத்தையை மாற்றிய பிறகுதான் இருமல் அடங்கியது. இன்று நினைத்தாலும் மனது வலிக்கிறது. உங்கள் மகள் படுத்ததும் இருமினாலோ மூச்சு இழுத்தாலோ டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

பஞ்சு நன்றாக இருந்தால், அது ஓரத்துக்கு ஒதுங்கியதால்தான் நடுவில் குழி. இடையிடையே குத்திக் கட்டியிருக்கும் நூல் அறுந்திருக்கும். மெத்தையை இன்னொரு கட்டிலில் போட்டு, காலை ஒன்பது மணியிலிருந்து மூன்று மணிவரை வெயில் காட்டுங்கள். உச்சியில் ஒருமுறை புரட்டுங்கள். பிரம்பால் லேசாகத் தட்டினால் போதும், ஓங்கி அடித்தால் இழை உடையும். தண்ணீரில் மட்டும் நனைக்காதீர்கள். பிறகு பஞ்சைக் கையால் உதறிப் பரப்பி, ஒரு சாண் இடைவெளியில் கோணி ஊசியால் குத்திக் கட்டுங்கள். வெயிலின் சூடு தணியும்வரை நிழலில் வைத்திருந்து விரியுங்கள்.

புதுப்பஞ்சு நிரப்புவதானால், இலவங்காய் வெடிக்கிற பங்குனி, சித்திரையில் வாங்குவது நல்லது. மூன்றுக்கு ஆறடி மெத்தைக்கு நாங்கள் 10 கிலோ போடுவோம். உங்கள் மகளுக்கு இரண்டரைக்கு ஐந்தடி போதும் என்றால் 7 கிலோவில் முடியும். உறைக்கு நெருக்கமாக நெய்த துணி வேண்டும். இல்லையென்றால் பஞ்சு வெளியே கசியும்.

பெரியவர்கள் வைக்கிற தலையணையை அவளுக்கு வைக்காதீர்கள், கழுத்து மடங்கும். அரைக் கிலோ பஞ்சில் தட்டையாக ஒன்று தைத்துக் கொடுங்கள்.