சத்தம் போடாத கீபோர்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டிலிருந்தே டி.டி.பி. வேலை செய்கிறேன். ஒரே அறை. இரவு பத்து மணிக்கு மேல் தட்டினால் பிள்ளைகள் விழித்துக்கொள்கிறார்கள். இப்போது இருப்பது 87 விசை உள்ள ப்ளூ ஸ்விட்ச் கீபோர்டு. ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருக்கும் ஸ்விட்சைக் கழற்றி மாட்டலாம். கடையில் பிரவுன் ஸ்விட்ச் போடச் சொல்கிறார்கள். அது போதுமா? தமிழ்99 விசைப்பலகை அமைப்பில்தான் தட்டுகிறேன், விரலுக்கு அந்த 'தட்' உணர்வு வேண்டும். – ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: போதாது. ப்ளூவில் இருக்கும் 'க்ளிக்' ஒலி பிரவுனில் கிடையாது, அவ்வளவுதான். விசை கீழே போய் இடிக்கும் ஒலியும், விட்டதும் மேலே வந்து முட்டும் ஒலியும் அப்படியே இருக்கும். தூங்குகிறவரை எழுப்புவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். விசைக்கு அடியில் ரப்பர் வளையம் மாட்டினாலும் கீழ் இடிதான் குறையும், மேல் முட்டல் குறையாது.

உங்களுக்குத் தேவை சைலன்ட் டாக்டைல் வகை ஸ்விட்ச்; அதாவது சத்தம் அடங்கியது, ஆனால் அழுத்தும்போது விரலுக்கு ஒரு மேடு தட்டுப்படும். இதில் உள்ளே ஏறி இறங்கும் தண்டில், கீழே இடிக்கும் இடத்திலும் மேலே முட்டும் இடத்திலும் சின்ன ரப்பர் துண்டு இருக்கும். 'டாக்டைல்' என்று மட்டும் போட்டிருந்தால் அந்த ரப்பர் இருக்காது. 'சைலன்ட் ரெட்' என்று இருந்தால் ரப்பர் உண்டு, ஆனால் விரலுக்குத் தட்டுப்படும் மேடு இருக்காது. பெட்டியில் 'சைலன்ட்', 'டாக்டைல்' இரண்டு சொல்லும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் தேர்வு போபா யு4 என்ற ஸ்விட்ச். மேடு பெரியது, விசையை அழுத்தத் தொடங்கியதுமே விரலுக்குத் தெரிந்துவிடும். அழுத்தத் தேவையான எடையைப் பொறுத்து 62 கிராம், 68 கிராம் என்று கிடைக்கிறது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பழகி அடிவரை ஓங்கித் தட்டுகிறவர் என்றால் 68. மெதுவாகத் தட்டுகிறவருக்கு 62. செலவைக் குறைக்க வேண்டுமானால் அவுடெமு சைலன்ட் லெமன் பார்க்கலாம். சைலன்ட் வகை எதுவானாலும் அடியில் பஞ்சு வைத்த மாதிரி மெத்தென்று முடியும். சிலருக்கு அது கடைசிவரை பிடிப்பதில்லை.

வாங்கும்போது ஓர் எழுத்தில் ஏமாந்துவிடாதீர்கள்: யு4 வேறு, யு4டி வேறு. 'டி' சேர்ந்ததில் ரப்பர் கிடையாது, கணீரென்று ஒலிக்கும். அதற்கென்றே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்; உங்கள் வீட்டுக்கு அது ஆகாது.

87-ஐயும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். முதலில் பத்து வாங்குங்கள். தமிழ்99-இன் நடு வரிசையில், கடைசியில் உள்ள 'ய'வை விட்டால், அ, இ, உ, ஃ, எ, க, ப, ம, த, ந என்று பத்து விசை. அவற்றில் மட்டும் மாட்டி ஒரு வாரம் வேலை செய்து பாருங்கள். பிடித்தால் மீதியை வாங்கலாம். மாட்டும்போது கால் ஒடிந்தால் மாற்ற மூன்று நான்கு உபரியாக இருக்கட்டும்.

மாட்டுவதில்தான் பலர் தவறுகிறார்கள். ஸ்விட்சின் அடியில் இரண்டு செப்புக் கால் இருக்கும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, கால் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். வளைந்திருந்தால் ட்வீசரால் நிமிர்த்துங்கள். சாய்த்துச் செருகினால் கால் மடங்கி அடியிலேயே படுத்துவிடும். மேலே பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், அந்த விசை மட்டும் வேலை செய்யாது. நேராக வைத்துக் கட்டை விரலால் அமுக்குங்கள். கையை மீறி அழுத்தினால் போர்டின் அடியில் உள்ள சாக்கெட் பெயர்ந்துவிடும். அதன்பின் சால்டரிங் இல்லாமல் தீராது. யு4-இல் செப்புக் காலோடு இரண்டு பிளாஸ்டிக் காலும் உண்டு. உங்கள் போர்டில் அவற்றுக்குத் துளை இல்லையென்றால் நகவெட்டியால் அடியோடு வெட்டிவிடலாம், ஒன்றும் கெடாது.

கேள்வி: என் கீபோர்டில் ஸ்விட்ச் கழலாது, சால்டர் செய்தது. மாற்றலாமா? – தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: 87 விசைக்கு 174 இடத்தில் ஈயத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். சூடு கூடினால் போர்டின் தாமிரப் பட்டை உரிந்துவிடும். ரிச்சி தெருவில் கை தேர்ந்தவர் யாராவது செய்து கொடுத்தாலும், கூலியையும் ஸ்விட்ச் விலையையும் கூட்டிப் பாருங்கள். ஸ்விட்ச் இல்லாமல் விற்கும் ஹாட்-ஸ்வாப் கீபோர்டு (சால்டரிங் இல்லாமல் ஸ்விட்சைக் கழற்றி மாட்டும் வகை) வாங்குவதே மேல்.

கேள்வி: சைலன்ட் ஸ்விட்ச் போட்ட பிறகு ஸ்பேஸ்பார் மட்டும் 'லடக் லடக்' என்கிறது. முன்பு இப்படி இல்லை. – எண்ணூர் வாசகர்

பதில்: முன்பும் இருந்திருக்கும், மற்ற விசைகளின் சத்தத்தில் அமுங்கிப் போயிருக்கும். ஸ்பேஸ்பார், என்டர், ஷிப்ட், பேக்ஸ்பேஸ் ஆகிய நீள விசைகளின் அடியில் ஸ்டெபிலைசர் என்ற கம்பி ஓடுகிறது. அது பிளாஸ்டிக்கில் ஆடுவதுதான் அந்த ஒலி. விசை மூடியைக் கழற்றி, கம்பியின் இரு முனையும் பிளாஸ்டிக்குள் நுழையும் இடத்தில் டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லிய தூரிகையால் தடவுங்கள். அளவு கூடினால் விசை சோம்பலாக ஏறும். அதற்குப் பிறகும் ஒலித்தால் கம்பியைக் கழற்றிக் கண்ணாடிமேல் வையுங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது என்று பொருள், கையால் நிமிர்த்துங்கள். கீபோர்டு இரும்பு மேசையில் இருந்தால் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள், பாதிச் சத்தம் மேசையுடையதுதான்.

ஸ்விட்சுக்குள் கிரீஸ் தடவலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தண்டின் கால்களில் தடவினால் மேடு மழுங்கிவிடும், ரப்பரில் பட்டால் ஒட்டும்.

கேள்வி: 'பகல்' என்று தட்டினால் சில நேரம் 'பக்கல்' என்று விழுகிறது. மென்பொருள் பழுதா? – காசிமேடு வாசகி

பதில்: தமிழ்99-இல் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ஆகவே நீங்கள் ஒருமுறை தட்டியதைக் கீபோர்டு இரண்டாக எண்ணுகிறது. கடல் காற்றின் உப்பும் தூசும் ஸ்விட்சின் தொடுமுனையில் படிந்தால் இப்படி ஆகும். க, ம இரண்டின் ஸ்விட்சையும் இடம் மாற்றுங்கள். 'ம' இரட்டித்தால் ஸ்விட்ச் பழுது, மாற்றிவிடுங்கள். 'க'வே இரட்டித்தால் சாக்கெட்டைப் பாருங்கள். க்யூ.எம்.கே. என்ற உள்மென்பொருள் ஓடும் கீபோர்டானால், ஒரு தட்டலை இரண்டாக எண்ணாமல் இருக்கக் காத்திருக்கும் டிபவுன்ஸ் நேரம் இயல்பாக 5 மில்லி விநாடி. அதை 10 ஆக்கினால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். வேலை முடிந்ததும் துணி போட்டு மூடி வையுங்கள்.