மாட் சேர்த்ததும் ஸ்கைரிம் மூடிக்கொள்கிறதே?

கேள்வி: ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் கணினி விளையாட்டில், மாட்களை (விளையாட்டை மாற்றும் கூடுதல் கோப்புகள்) நிர்வகிக்கும் மாட் ஆர்கனைசர் 2 வழியே 40 மாட்கள் சேர்த்தேன். லோகோ வந்ததும் விளையாட்டு மூடிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பெரும்பாலும் ஏதோ ஒரு மாஸ்டர் கோப்பு, அதாவது ஒரு மாட் சார்ந்திருக்கும் அடிப்படைக் கோப்பு, விடுபட்டிருக்கும். மாட் ஆர்கனைசரின் வலப்பக்கப் பட்டியலில் எச்சரிக்கைக் குறி உள்ள பிளகின்மேல் (மாட்டை விளையாட்டில் சேர்க்கும் கோப்பு) மவுஸை வையுங்கள். இல்லாத கோப்பின் பெயரைக் காட்டும். அதை நிறுவுங்கள், அல்லது அந்தப் பிளகினின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

அதில் குறையில்லை என்றால் எஸ்.கே.எஸ்.இ. (பல மாட்களுக்குத் தேவைப்படும் துணை நிரல்) பதிப்பைப் பாருங்கள். விளையாட்டுகளை விற்கும் செயலியான ஸ்டீம், ஸ்கைரிமைப் புதுப்பித்துவிட்டால் பழைய எஸ்.கே.எஸ்.இ. அதோடு பொருந்தாது. எஸ்.கே.எஸ்.இ. லோடரையும் (விளையாட்டைத் தொடங்கும் கோப்பு) மாட் ஆர்கனைசருக்குள் இருந்தே இயக்குங்கள். ஸ்டீமில் நேராகத் திறந்தால் இந்த மாட்கள் எதுவும் தெரியாது. ஏனென்றால் மாட் ஆர்கனைசர் கோப்புகளை விளையாட்டின் டேட்டா ஃபோல்டரில் கொட்டுவதில்லை, இருப்பதுபோல் விளையாட்டுக்குக் காட்டுகிறது. இதன் பெரிய பலமே அதுதான்! ஒரே கோப்புக்கு இரண்டு மாட்கள் மோதினால், இடப்பக்கப் பட்டியலில் கீழே இருப்பதே செல்லுபடியாகும்.