அம்மா ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். சேமிப்பு 6 லட்சம் இருக்கிறது. அப்பாவுக்கு 77 வயது. கழுத்து எலும்புத் தேய்மானம் உண்டு, கைத்தடி ஊன்றித்தான் நடப்பார். அம்மாவுக்கு 70 வயது. போன வருடம் இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மாதம் இரண்டு முறை தஞ்சாவூர் மருத்துவமனைக்கு வாடகைக் காரில் போய்வர, ஒரு தடவைக்கு 2,400 ரூபாய் ஆகிறது. போன மாதம் இரவு 2 மணிக்கு அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது வாடகை வண்டி வர முக்கால் மணி நேரம் ஆனது. அன்றே சொந்தக் கார் வாங்குவது என்று முடிவு செய்தேன். ஷோரூமில் ஒரு எஸ்யூவி ஓட்டிப் பார்த்தேன், பிடித்துவிட்டது. சாலை வரி, காப்பீடு சேராத எக்ஸ் ஷோரூம் விலை 10.20 லட்சம், எல்லாம் சேர்த்து ஆன் ரோடு 12.50 லட்சம் என்கிறார்கள். அப்பா, தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இரண்டரை வருடத்துக்கு முன் போட்ட 15 லட்சத்திலிருந்து 8 லட்சம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். மீதியை நான் போட்டுக்கொள்வேன். அவர் பணத்தை எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. ‘ஓட்டிப் பார்த்தேன், பிடித்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஓட்டிப் பார்த்தீர்கள், சரி. அம்மா ஏறிப் பார்த்தார்களா? அப்பா பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தாரா?

இதை அழுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் என் அப்பாவுக்காகவே ஒரு செடான் வாங்கினேன். அமைதியான வண்டி, நல்ல மைலேஜ், டிக்கி பெரியது. எல்லாம் பார்த்தேன், சீட்டின் உயரத்தை மட்டும் பார்க்கவில்லை. அப்பா அதில் உட்காரும்போது கடைசி அரை அடி தொப்பென்று விழுவார். இறங்கும்போது நான் கீழே நின்று இரண்டு கையையும் பிடித்து இழுக்க வேண்டும். மூன்று மாதத்தில் ‘கோயிலுக்கு நான் வரலப்பா, நீங்க போயிட்டு வாங்க’ என்று சொல்ல ஆரம்பித்தார். பதினாலாவது மாதம் அந்த வண்டியை விற்றேன். போட்ட பணத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் போனது. அந்த இரண்டு லட்சத்தை, அப்பாவை ஒரு நாள் ஷோரூமுக்குக் கூட்டிப்போயிருந்தால் இழந்திருக்கமாட்டேன். அதனால்தான் வண்டி உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதைப் பணக் கணக்கின் முதல் வரியாக வைக்கச் சொல்கிறேன்.

இப்போது அப்பாவின் பணம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒரு கணக்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவைக்க முடியாது. முன்கூட்டி எடுப்பதென்றால் கணக்கையே மூட வேண்டும். இரண்டு வருடம் முடிந்துவிட்டதால் பிடித்தம் 1 சதவீதம். அது 8 லட்சத்துக்கு அல்ல, 15 லட்சத்துக்கும் சேர்த்து. 15,000 ரூபாய் அங்கேயே போகும்.

அதைவிடப் பெரியது வட்டி. 8.2 சதவீதத்தில் 15 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் அப்பாவின் கணக்கில் விழுகிறது. மீதி 7 லட்சத்தை அதே வட்டியில் திரும்பப் போட்டாலும் இனி 14,350 ரூபாய்தான் வரும். மாதக் கணக்கில் சுமார் 5,500 ரூபாய் குறையும். உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் மாத்திரை மருந்துக்கு எவ்வளவு ஆகிறது என்று எடுத்துப் பாருங்கள். அநேகமாக இந்தத் தொகைக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். தன் மருந்துச் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறோம் என்பது 77 வயதில் ஒரு மனிதருக்குச் சின்ன விஷயம் இல்லை. அவர் கொடுக்கிறேன் என்று சொல்வது அன்பு. அதை வாங்காமல் இருப்பதும் அன்புதான்.

அடுத்தது அந்த 12.50 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் கார்களுக்கான வாழ்நாள் வரி, 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். கூடுதல் வரி 10 லட்சத்துக்கு மேல் இருக்கும் பகுதிக்கு மட்டும் அல்ல, முழு விலைக்கும். உங்கள் 10.20 லட்சம் வண்டிக்கு வரி மட்டும் 1,83,600 ரூபாய். அதே வண்டியின் ஒரு படி கீழ் வேரியன்ட் 9.95 லட்சம் என்று வைத்தால் வரி 1,29,350 ரூபாய். விலையில் 25,000 வித்தியாசம், வரியில் 54,000 வித்தியாசம். போதாததற்கு 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) வேறு பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் கையிலிருந்து முதலில் போக வேண்டும். விற்பனையாளர் ‘மாசம் ஐந்நூறு ரூபாதான் சார் ஜாஸ்தி’ என்று அடுத்த வேரியன்டுக்கு ஏற்றும்போது இந்தப் பத்து லட்சக் கோடு மனதில் இருக்கட்டும்.

எனக்குப் படுவது, எக்ஸ் ஷோரூம் 7.50 லட்சத்தை ஒட்டிய வண்டி உங்களுக்குப் போதும். வரி 97,500. காப்பீடும் மற்றதும் சேர்த்து ஆன் ரோடு சுமார் 9 லட்சம். உங்கள் சேமிப்பிலிருந்து 4.50 லட்சம் போடுங்கள், மீதி 4.50 லட்சத்துக்குக் கடன். 9 சதவீதத்தில் 4 வருடத்துக்கு மாதத் தவணை 11,198 ரூபாய் வரும். மொத்த வட்டி 87,500 ரூபாய் சொச்சம். 62,000 சம்பளத்தில் இது தாங்கும். சேமிப்பில் மிஞ்சும் 1.50 லட்சத்தை மட்டும் தொடாதீர்கள், அது மருத்துவமனை வாசலில் கட்டுவதற்கான பணம்.

கார் வாங்கினால் வாடகை மிச்சமாகும் என்று நினைத்திருந்தால், ஆகாது. மருத்துவமனைக்கு இப்போது வருடம் 57,600 ரூபாய் போகிறது. கல்யாணம், கோயில், ஊர்ப்பயணம் என்று இன்னொரு 45,000 சேர்த்தாலும் ஒரு லட்சம் சொச்சம்தான். சொந்தக் காரில், காப்பீட்டுக் கணக்குப்படி ஐந்து வருடத்தில் மதிப்பு பாதியாகும், அதாவது வருடம் 75,000 தேய்மானம். 6,000 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்து 40,000. காப்பீடு, சர்வீஸ், கடன் வட்டி சேர்த்தால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். வருடம் ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து நீங்கள் வாங்குவது, நினைத்த நேரத்தில் வாசலில் ஒரு வண்டி நிற்கும் என்ற நிம்மதியை. அதற்கு அந்த விலை தகும் என்பதே என் எண்ணம். ஆனால் ஒன்று, மூச்சுத்திணறல் வந்தால் சொந்தக் கார் இருந்தாலும் முதலில் 108-க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்கும், உங்கள் காரில் இருக்காது.

அப்புறம், டெஸ்ட் டிரைவ். பல ஷோரூம்கள் வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்து காட்டுகின்றன. கேட்டு வரவழையுங்கள். ஷோரூமின் வழவழ டைல்ஸ் தரையில் எல்லா வண்டியும் ஏறுவதற்கு எளிதாகத்தான் தெரியும். உங்கள் வாசல்படி, சாக்கடை மேல் போட்ட சிமென்ட் பலகை, தெருவின் சரிவு, இவற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தினால்தான் உண்மை தெரியும்.

வண்டி வருவதற்கு முன் ஒரு டேப் எடுத்து, அம்மா யார் உதவியும் இல்லாமல் எழுந்திருக்கிற நாற்காலியின் உயரத்தை அளந்து வையுங்கள். காரின் சீட் விளிம்பு தரையிலிருந்து அந்த உயரத்துக்குக் கீழே போகக் கூடாது. அதைவிட நாலைந்து விரல்கடை மேலே இருந்தால் உத்தமம். அதற்கும் மேலே போனால் ஏற வேண்டியிருக்கும். எஸ்யூவி என்றால் பெரியவர்களுக்கு நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். உயரமான அப்பாவுக்கு நல்லதாக இருக்கலாம். ஐந்தடிக்கும் குறைவான அம்மாவுக்கு அதுவே மலையேற்றம்.

அம்மாவை வீட்டில் வழக்கமாக உடுத்தும் புடவையிலேயே ஏறச் சொல்லுங்கள். புடவை கட்டியவர் காரில் ஏறும்போது ஒரு கை கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கும். மிச்சம் ஒரு கைதான். அந்த ஒரு கைக்குப் பிடிமானம் எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். மேலே கைப்பிடி இருக்கிறதா, அவருக்கு எட்டுகிறதா, இல்லை கதவையே பிடித்துத் தொங்குகிறாரா? கதவு ஆடினால் கையும் ஆடும். மூட்டு மாற்றியவர் ஒரு காலை உள்ளே வைத்து மடங்கி ஏறக் கூடாது. முதுகைக் காட்டி நின்று, சீட் விளிம்பில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இதற்குக் கதவு அகலமாகத் திறக்க வேண்டும், கீழ்ச்சட்டம் உயரமாக இருக்கக் கூடாது. டாடா பஞ்சில் கதவு 90 டிகிரி வரை திறக்கும். வேகன் ஆரின் உயரமான கூரையில் தலை இடிக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். விபத்துப் பாதுகாப்பையும் மறக்காதீர்கள். குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில், வயது வந்த பயணிகளுக்கான பாதுகாப்பில் பஞ்ச் 2021-ல் 5 நட்சத்திரம் வாங்கியது. வேகன் ஆர் 2023-ல் வாங்கியது 1 நட்சத்திரம். அதன்பின் அதில் ஆறு ஏர்பேக் வந்திருக்கிறது. ஆனாலும் தேய்ந்த எலும்புள்ளவர்கள் பயணிக்கும் வண்டி என்பதால், அம்மாவுக்கு இரண்டும் ஒரே மாதிரி எளிதாக இருந்தால் நான் நட்சத்திரம் அதிகமுள்ளதன் பக்கம்தான் நிற்பேன்.

ஒருமுறை ஏறி இறங்கினால் போதாது. மூன்று முறை செய்யச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லாரும் ஜோராக ஏறிவிடுவார்கள், மூன்றாவது தடவை முழங்கால் உண்மையைச் சொல்லிவிடும். ‘வசதியா இருக்காம்மா?’ என்று கேட்காதீர்கள். ‘எனக்கென்னப்பா, நல்லாருக்கு’ என்றுதான் பதில் வரும். பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? கையைப் பாருங்கள், முகத்தைப் பாருங்கள்.

பிறகு பாபநாசம் வரைக்காவது போய்வாருங்கள். அரை மணி நேரமாவது உட்கார வேண்டும், கழுத்து வலி பத்து நிமிடத்தில் தெரியாது. வீட்டில் நான்கு பேர் என்றால் நான்கு பேரும் ஏற வேண்டும், ஏசி ஓட வேண்டும், அப்பா பின் சீட்டில் இருக்க வேண்டும். வேகத்தடையில் பின் சீட் எப்படித் தூக்கிப் போடுகிறது என்பது ஓட்டுகிற உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஏஎம்டி (கிளட்ச் இல்லாமல் கியர் தானே மாறும்) வண்டியாக இருந்தால் கியர் மாறும்போது தலை லேசாக முன்னும் பின்னும் ஆடும். உங்களுக்கு அது பழகிவிடும். தேய்ந்த கழுத்துக்கு நெரிசலில் நூறு தடவை ஆடுவது வேறு கதை. அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மேனுவலே போதும், அல்லது பட்ஜெட்டுக்குள் சிவிடி (படிப்படியாக இல்லாமல் சீராக மாறும் தானியங்கி கியர்) கிடைக்கிறதா என்று பாருங்கள்.

டெஸ்ட் டிரைவுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் மேல் வேரியன்டாக இருக்கும். நீங்கள் வாங்கப்போகும் வேரியன்டில் பின்பக்கக் கைப்பிடி, பின் சீட்டுக்கு ஏசி காற்று, உயரம் மாற்றும் தலைதாங்கி இதெல்லாம் உண்டா என்று தாளில் எழுதி வாங்குங்கள். சிஎன்ஜி யோசனை இருந்தால், மடக்கிய சக்கர நாற்காலி ஒன்றை டிக்கியில் வைத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். பல மாடல்களில் சிலிண்டர் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். இன்று நாற்காலி தேவையில்லை, ஐந்து வருடம் வைத்திருக்கப் போகிற வண்டி அல்லவா?

காப்பீட்டில் ஒன்று. சட்டப்படி கட்டாயமான 15 லட்சம் விபத்துக் காப்பீடு, உரிமம் வைத்துள்ள உரிமையாளர்-ஓட்டுநருக்கு மட்டும்தான். பின்னால் இருக்கும் அப்பா அம்மாவுக்கு அது இல்லை. பயணிகளுக்கான விபத்துக் காப்பீட்டை, ஒரு ஆளுக்கு 2 லட்சம் வரை, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கலாம். பிரீமியம் சில நூறு ரூபாய்தான் வரும், கேட்டுச் சேருங்கள். வண்டியை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். புதுப்பிக்கும்போது விலை குறைவு என்று மூன்றாம் நபர் பாலிசிக்கு (மற்றவருக்கு நேரும் நட்டத்துக்கு மட்டும் ஈடு தருவது) மட்டும் மாறிவிடாதீர்கள்.

இதெல்லாம் முடியும்வரை ஷோரூமில் முன்பணம் கட்டாதீர்கள். இன்று கட்டினால்தான் தள்ளுபடி என்பார்கள். அம்மாவுக்கு எந்த நாள் முழங்கால் கொஞ்சம் படுத்துகிறதோ, அந்த நாளில் வண்டியை வரச்சொல்லுங்கள். அன்று எளிதாக ஏறினால் அந்த வண்டிக்கு விலை பேசலாம்.