பித்தப்பையில் 7 மி.மீ. பாலிப்: எடுப்பதா, பொறுத்துப் பார்ப்பதா?

கேள்வி: எனக்கு வயது 44. முழு உடல் பரிசோதனையின்போது எடுத்த ஸ்கேனில், பித்தப்பையில் 7 மி.மீ. பாலிப் ஒன்று இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். வலி, தொந்தரவு எதுவும் இல்லை. ஒரு டாக்டர் பித்தப்பையை எடுத்துவிடச் சொல்கிறார். இன்னொருவர் ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? கரைக்க மாத்திரை இல்லையா?

பதில்: பாலிப் என்பது பித்தப்பையின் உட்சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் முண்டு. அது மாத்திரையால் கரையாது. அந்தப் பேச்சை விட்டுவிடலாம். பாலிப்பை மட்டும் தனியாக நறுக்கி எடுக்கவும் முடியாது, எடுத்தால் பித்தப்பை முழுவதையும்தான் எடுக்க வேண்டும். முடிவெடுக்கும் முன் யோசிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஸ்கேனில் பாலிப் என்று எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை நிஜமான கட்டியே அல்ல. பையின் உட்சுவரில் கொலஸ்ட்ரால் படிந்து உருவான சின்னச் சின்ன முண்டுகள். எடுத்த பித்தப்பையைத் திறந்து பார்த்தால், மஞ்சளாக, மெல்லிய காம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். இவை புற்றுநோயாக மாறுவதில்லை. கவலைப்பட வேண்டியது, புற்றுநோயாக மாறக்கூடிய நிஜக் கட்டியான அடினோமா என்ற வகையைப் பற்றித்தான். ஆனால் ஸ்கேன் படத்தை வைத்து இரண்டையும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாததால், அளவையும் வடிவத்தையும் பார்த்துத்தான் முடிவுசெய்கிறோம்.

10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், உடல்நிலை இடம்கொடுக்கும் பட்சத்தில், எடுத்துவிடுவதே பொதுவான வழக்கம். 5 மி.மீ. வரை, வேறு ஆபத்துக் காரணி இல்லையென்றால், மறு ஸ்கேன்கூடத் தேவையில்லை. சிக்கலே உங்களைப் போல நடுவில் நிற்பவர்களுக்குத்தான்.

ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் 2022-இல் புதுப்பித்த வழிகாட்டுதலின்படி, 6 முதல் 9 மி.மீ. உள்ளவருக்கு ஓர் ஆபத்துக் காரணி இருந்தாலும் எடுத்துவிடலாம். வயது 60-ஐத் தாண்டியிருப்பது, பித்த நாளங்கள் இறுகிச் சுருங்கும் நோய், காம்பில்லாமல் சுவரோடு அகலமாக ஒட்டிய பாலிப், அப்புறம் ஆசிய இனத்தவராக இருப்பது, இவைதான் அந்தக் காரணிகள். கடைசிக் காரணியில் நாமும் வருகிறோம். ஆக, முதல் டாக்டர் சொன்னது ஆதாரம் இல்லாத பேச்சல்ல. அதே 2022-இல் வந்த அமெரிக்க அல்ட்ராசவுண்ட் நிபுணர்களின் பரிந்துரையோ வடிவத்துக்குத்தான் முதலிடம் தருகிறது. மெல்லிய காம்பில் தொங்கும் பாலிப் 9 மி.மீ. வரை இருந்தாலும் விட்டுவிடலாம், அகன்ற அடியோடு 7 மி.மீ. இருந்தால் ஓராண்டில் மறுபடி பாருங்கள் என்கிறது. இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னதன் காரணம் புரிகிறதல்லவா?

நீங்கள் என்னிடம் வந்திருந்தால், உடனே ஆபரேஷனுக்கு நாள் குறிக்க மாட்டேன். எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து, ஸ்கேனை இன்னொரு முறை எடுக்கச் சொல்வேன். சாப்பிட்டுவிட்டுப் போனால் பித்தப்பை சுருங்கி, அதன் மடிப்பே பாலிப் மாதிரி தெரியும். படுத்தவரை இடப்பக்கம் ஒருக்களித்துத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதும் முக்கியம். கல்லாக இருந்தால் பெரும்பாலும் உருளும், பாலிப் இருந்த இடத்திலேயே நிற்கும். அப்படியும் பாலிப்தான், அடி அகலம், அல்லது அந்த இடத்தில் சுவர் 4 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கிறது என்றால் நானும் எடுத்துவிடவே சொல்வேன். மெல்லிய காம்பு என்றால் ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு என மூன்று ஸ்கேன் போதும். அதுவரை வளரவில்லை என்றால் நிறுத்திவிடலாம். பாலிப் காணாமல் போவதும் உண்டு. அப்போதும் கண்காணிப்பு தேவையில்லை.

இடையில் 10 மி.மீ.யைத் தொட்டாலோ, சாப்பிட்ட பின் வலது விலா எலும்புக்குக் கீழே வலி வந்து அதற்கு வேறு காரணம் கிடைக்காவிட்டாலோ ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். லேப்ராஸ்கோப்பியில் சின்னத் துளைகள் வழியாகச் செய்வதுதான். பெரும்பாலோர் சீக்கிரமே வீடு திரும்பிவிடுவார்கள். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகிப் போகும். பித்த நாளத்தில் காயம் படுவது அபூர்வம், ஆனால் பட்டால் பெரிய சிக்கல். தேவையில்லாதவருக்கு இதைச் செய்யத் தயங்குவது அதனால்தான்.

அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது ரிப்போர்ட்டோடு பழைய படத்தையும் கையில் எடுத்துப் போங்கள். முடிந்தால் அதே இடத்தில் எடுங்கள். அளப்பவர் புள்ளியைச் சற்றுத் தள்ளி வைத்தாலே 7 மி.மீ. 8 ஆகிவிடும். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது வளர்ச்சியா, அளந்ததில் வந்த வித்தியாசமா என்று தெரியும்.